ஒட்சிசன் சென்சரை வீட்டிலேயே மாற்றுவது: கருவி வாங்குவதிலிருந்து புகைப் பரிசோதனை வரை

செக் என்ஜின் லைட் எரிகிறது. பெற்றோல் வழக்கத்தைவிடக் கூடக் குடிக்கிறது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் முடியப் போகிறது, புகைப் பரிசோதனையில் கார் தேறுமா தெரியவில்லை. எங்களில் பலர் ஒட்சிசன் சென்சர் என்ற பெயரைக் கேள்விப்படுவதே இந்தக் கட்டத்தில்தான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்வது அது. கடைகளில் ஓ-டூ சென்சர் என்று கேட்டால் உடனே விளங்கும்.

கல்லடியில் இருந்துகொண்டு இந்தச் சென்சரையும் அதைக் கழற்றும் சொக்கட்டையும் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ஒரு கடையில் சென்சர் இருக்கும், எந்த மொடலுக்கு என்று தெரியாது. இன்னொரு கடையில் 22 சொக்கட் இருக்கும், வயர் போக வெட்டு இருக்காது. மட்டக்களப்பிலோ அம்பாறைப் பக்கத்திலோ உள்ள ஒருவர் அந்த அலைச்சல் இல்லாமல் இதைச் செய்து முடிக்க வேண்டும் என்பதற்காக, பிடிபட்டதை எல்லாம் ஒழுங்காக எழுதுகிறேன்.

கழற்றி மாட்டும் வேலை பெரிதல்ல. பொருந்தாத சென்சரும் பொருந்தாத சாவியும்தான் ஆளைக் கொல்லும். அதனால் காருக்குக் கீழே போவதற்கு முந்திய பகுதிகளை அவசரப்படாமல் வாசியுங்கள்.

1. பழுது சென்சரில்தானா என்று முதலில் பாருங்கள்

"லைட் எரிகிறதா, சென்சரை மாற்று" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ஈ.எல்.எம். 327 என்று கேட்டால் கிடைக்கும், இணையக் கடைகளிலும் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சொருகியில் அதைச் செருகி, ஃபோனில் டோர்க், கார் ஸ்கேனர் போன்ற ஒரு செயலியைப் போட்டால் பழுதுக் குறியீட்டை நீங்களே வாசிக்கலாம். ஒரு விஷயம்: ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்காகச் செய்யப்பட்ட பழைய கார்கள் சில இந்த மலிவு அடாப்டருடன் பேசாது. அப்படியானால் ஸ்கேன் மட்டும் ஒரு கராஜில் செய்துகொண்டு, குறியீட்டைத் தாளில் எழுதி வாங்கி வாருங்கள். "சென்சர் பழுது" என்று வாயால் சொன்னது போதாது, இலக்கம் வேண்டும்.

நான்கு சிலிண்டர், மூன்று சிலிண்டர் சிறிய கார்களில் பெரும்பாலும் இரண்டு சென்சர்கள். ஒன்று, புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்கு முன்னால், மற்றது பின்னால். பி0130 முதல் பி0135 வரை வந்தால் முன் சென்சர் பக்கம். பி0136 முதல் பி0141 வரை வந்தால் பின் சென்சர் பக்கம். எரிபொருள் கலவையைத் தீர்மானிப்பது முக்கியமாக முன் சென்சர்தான். பெற்றோல் கூடக் குடிக்கிறது என்று பின் சென்சரை மாற்றினால் அனேகமாக ஒரு வித்தியாசமும் தெரியாது.

பி0171 வந்தால் கலவையில் காற்றுக் கூட என்று பொருள். அதற்குக் காற்றுக் குழாயில் கசிவு, அழுக்கான காற்றளவுச் சென்சர், பலவீனமான பெற்றோல் பம்ப் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். பி0420 கொன்வேர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்வது. இந்த இரண்டுக்கும் சென்சரை மாற்றிவிட்டு அதே லைட்டுடன் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பி0135, பி0141 இரண்டும் சென்சருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றைப் பற்றியவை. இவை வந்தால் முதலில் பியூஸைப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி உள்ளே பின்களைப் பாருங்கள். நாவற்குடா, கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது என்று கடலோரமாகக் கார் நிற்கும் வீடுகளில் உப்புக்காற்றால் பின்களில் பச்சைப் பாசி போலக் களிம்பு பிடித்திருக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே சில நேரம் லைட் போய்விடும். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பொனட்டுக்குள் எலி போவது எங்கள் பக்கத்தில் சாதாரணம்.

அப்புறம் மல்டிமீட்டர். சென்சரிலிருந்து வரும் நான்கு வயரில் ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும், அவைதான் ஹீட்டர். டென்சோ கம்பனியின் சென்சரில் இரண்டு கறுப்பு. என்.டி.கே., பொஷ் கம்பனிகளுடையதில் இரண்டு வெள்ளை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளக்கைக் கழற்றி, சென்சர் பக்கப் பின்களில் அந்த இரண்டையும் ஓம் அளவில் பாருங்கள். சில ஓம் முதல் பதினைந்து சொச்சம் வரை காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

சாதாரண முன் சென்சர் என்றால், எஞ்சின் சூடான பிறகு செயலியில் அதன் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் இடையில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால் சந்தேகப்படலாம். பின் சென்சர் ஓடாமல் ஓரளவு நிலையாக நிற்பதுதான் சரி, அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் காரை இறக்கிய பிறகு லைட் வந்திருந்தால், சென்சர் போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உள்ளே இருப்பது பீங்கான். கொதித்துக்கொண்டிருக்கும் பீங்கான் மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். பின் சென்சர் காருக்கு அடியில், தண்ணீர் படும் உயரத்தில் இருப்பதால் முதலில் அடிபடுவது அதுதான்.

2. கடைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

காரின் பதிவுச் சான்றிதழ், அதாவது நாங்கள் புத்தகம் என்று சொல்வது. அதில் உள்ள செசி இலக்கத்தையும் தயாரிப்பு ஆண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "விட்ஸ் காருக்கு ஒரு சென்சர் தாங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றைத் தருவார். ஒரே பெயரில் பல தலைமுறை, பல எஞ்சின் வந்திருக்கிறது. செசி இலக்கம் கொடுத்தால்தான் சரியான பாக இலக்கம் வரும்.

பழைய சென்சரின் உலோக உடம்பில் அல்லது வயரில் ஒட்டிய சிட்டையில் இலக்கம் பொறித்திருக்கும். துருவைத் துணியால் துடைத்து, ஃபோன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்துத் தெரியும். அதையும் பிளக்கின் வடிவத்தையும் படம் எடுங்கள். வயரின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. டொயோட்டா பாக இலக்கம் 89465 என்று தொடங்கினால் அது சாதாரண ஒட்சிசன் சென்சர். 89467 என்று தொடங்கினால் அது காற்று-எரிபொருள் விகிதச் சென்சர், ஏ.எஃப். சென்சர் என்பார்கள். இரண்டிலும் நான்கு வயர், இரண்டின் மரையும் ஒன்று, பார்வைக்கும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் கார் ஒழுங்காக ஓடாது. ஏ.எஃப். சென்சர் வோல்ட் மேலும் கீழும் ஓடாது. அதன் ஹீட்டரும் குறைந்த ஓம்தான் காட்டும், இரண்டு மூன்று ஓம் வந்தாலே சரி. மேலே சொன்ன சோதனைகளை வைத்து நல்ல ஏ.எஃப். சென்சரைப் பழுது என்று தீர்மானித்துவிடாதீர்கள்.

3. கருவிகள்

சென்சரின் மரை பெரும்பாலான கார்களில் எம்18 × 1.5, அதாவது விட்டம் 18 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. அதைப் பிடிக்கும் அறுகோணம் 22 மி.மீ. சொக்கட்டில் 7/8 அங்குலம் என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, அது 22.2 மி.மீ., பொருந்தும். ஸ்பார்க் பிளக் சொக்கட் 21 மி.மீ. அல்லது அதைவிடச் சிறியது, அது ஏறாது. பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் மரை இல்லாமல் இரண்டு நட்டுப் போட்டுப் பிடித்த சென்சர் இருக்கும். அதற்கு 22 சொக்கட்டே தேவையில்லை. ஆகவே வாங்கப் போகுமுன் குனிந்து ஒரு தடவை பாருங்கள்.

*வெட்டுச் சொக்கட்.* ஒட்சிசன் சென்சர் சொக்கட் என்று விற்பது இதைத்தான். பக்கவாட்டில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும், வயர் அதற்குள்ளால் வெளியே வரும். இரண்டு வடிவம் உண்டு. நீளமானது, மேலே நேராக இடம் இருந்தால். குட்டையானது, ரச்சட் (சொக்கட்டைத் திருப்பும், உள்ளே பல் உள்ள கைபிடி) பக்கவாட்டில் செருகும்படி இருக்கும், இடம் நெருக்கமான இடத்துக்கு. உங்கள் காரில் சென்சருக்கு மேலே ஒரு சாண் இடமாவது இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துத் தீர்மானியுங்கள். அரை அங்குல ரச்சட்டுக்கு ஏற்ற துளை உள்ளதை எடுங்கள்.

வாங்கும்போது வெட்டின் இரு ஓரத்தையும் பாருங்கள். சுவர் மெல்லியதாக, முலாம் மட்டும் பளபளப்பாக இருந்தால் வேண்டாம். இந்தச் சொக்கட்டின் பலவீனமே அந்த வெட்டுத்தான். பலமாகத் திருப்பும்போது வாய் விரிந்துகொடுக்கும், விரிந்ததும் சென்சரின் மூலைகளை வழித்துவிடும். மூலை வழிந்தால் அதன்பின் எந்தச் சாவியும் பிடிக்காது. தடித்த சுவர், உள்ளே ஆறு முகம். பன்னிரண்டு முகம் உள்ளதை எடுக்காதீர்கள்.

*22 ரிங் ஸ்பனர் அல்லது நீளச் சொக்கட்.* பழைய சென்சர் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. அதனால் இறுகிப் போனதற்கு மிக நல்ல வழி, வயரை வெட்டிவிட்டு, வெட்டு இல்லாத முழு ஸ்பனரைப் போடுவது. அது விரியாது. என்னைக் கேட்டால் கையில் காசு குறைவாக இருப்பவர் நல்ல 22 ரிங் ஸ்பனர் ஒன்றும் நடுத்தர வெட்டுச் சொக்கட் ஒன்றும் வாங்கட்டும். கழற்ற ஸ்பனர், மாட்ட சொக்கட். மாட்டும்போது பெரிய பலம் தேவைப்படாது.

*நீளக் கைபிடி.* ரச்சட்டால் இறுகிய சென்சரைத் திருப்பினால் ரச்சட்டின் பல் போகும். பல் இல்லாத பிரேக்கர் பார்தான் இதற்கு உரியது. இல்லாவிட்டால் ஸ்பனரில் ஜி.ஐ. பைப் துண்டைச் செருகி நீட்டலாம். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் தினமும் செய்வதுதான், ஆனால் பைப் நழுவி முகத்தில் அடிக்காதபடி தள்ளி நில்லுங்கள்.

*துரு இளக்கும் ஸ்பிரே.* டபிள்யூ.டி. 40 எல்லா ஹாட்வெயார் கடையிலும் இருக்கிறது. துருவுக்கென்றே செய்த ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது. மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்று சொல்வார்கள். சூடான சைலன்சர் குழாயில் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

*எம்18 × 1.5 மரை துடைப்பான்.* குழாயின் மரையில் உள்ள துருவைச் சுத்தமாக்கும் கருவி. எல்லோருக்கும் தேவைப்படாது. கடலோரக் காருக்கு வாங்கி வைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் லேத் வேலைத்தளத்தில் கேட்டால் அந்த அளவு டப் (மரை வெட்டும் கருவி) வைத்திருப்பார்கள், இரவலாகவோ சிறு வாடகைக்கோ தருவார்கள்.

இவை தவிர: ஜக், ஒரு சோடி அக்சில் ஸ்டாண்ட், சில்லுக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை, தோல் கையுறை, கண்ணாடி, கம்பி பிரஷ், பட்டரிக்கு 10 ஸ்பனர், பிளக்கின் கொழுக்கியை அழுத்தத் தட்டை முனை ஸ்குரூ டிரைவர். டோர்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் சாவி) இரவலாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள், இல்லாமலும் சமாளிக்கலாம்.

4. எங்கே வாங்குவது, என்ன செலவு, எந்த நாள்

ஸ்பனர், பிரேக்கர் பார், ஸ்டாண்ட் எல்லாம் மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி பிரதான வீதியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள ஹாட்வெயார், உதிரிப்பாகக் கடைகளில் பார்க்கலாம். வெட்டுச் சொக்கட் கடையில் இல்லையென்றால் இணையத்தில் வாங்குவதுதான் சுலபம். அடாப்டரும் சொக்கட்டும் தலா சில ஆயிரம் ரூபாவுக்குள் முடியும். செலவில் பெரிய பங்கு சென்சருக்குத்தான், ஒரிஜினல் என்றால் பத்தாயிரங்களில் பேச வேண்டியிருக்கும். டொலரோடும் வரியோடும் விலை ஏறி இறங்குவதால், ஒரே நாளில் இங்கே இரண்டு கடை, கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு கடை என்று ஃபோனில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பாக இலக்கத்தைச் சொல்லித்தான் விலை கேட்க வேண்டும். கார் பெயரைச் சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாமானின் விலையைச் சொல்வார்கள்.

மூன்று வகையில் சாமான் வரும். புதிய ஒரிஜினல்: டென்சோ, என்.டி.கே., பொஷ். புதிய மலிவு: பெட்டியில் டென்சோ என்று இருக்கும், சென்சரின் உடம்பில் எழுத்து மங்கலாக மையில் அடித்திருக்கும் அல்லது ஒன்றுமே இருக்காது. ஒரிஜினலில் இலக்கம் உலோகத்தில் பொறித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் போகாது. மூன்றாவது, ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினில் கழற்றிய ரீகண்டிஷன் சாமான். இதை நான் முழுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய காருக்குப் புதியது கிடைக்காமலே போகலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, மலிவு டூப்ளிகேட்டை விட இது மேல் என்ற அளவில்தான் என் கருத்து.

பிளக் இல்லாமல் நான்கு வயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் பொதுச் சென்சரைத் தந்து, "பழைய பிளக்கை வெட்டி ஒட்டுங்க தம்பி, அதே வேலை செய்யும்" என்பார்கள். தவிர்த்துவிடுங்கள். இந்தச் சென்சர்கள் பல, ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயரின் உள்ளிழைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் வைத்துப் பற்றினால் அந்த வழி அடைபடும். பிளக்கோடு வரும் சென்சரே நிம்மதி.

மின்சாரச் சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்பது அனேகமாக எல்லாக் கடையின் வழக்கமும். அதனால் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். காசு கொடுக்குமுன் கவுண்டரிலேயே ஹீட்டர் ஓமைப் பாருங்கள். பிளக்கைப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒழுங்கான கடைக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார். பில்லில் பாக இலக்கத்தையும், உத்தரவாதம் உண்டென்றால் எத்தனை மாதம் என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். "சென்சர் - 1" என்று மட்டும் எழுதிய பில் பின்னால் எதற்கும் உதவாது.

நாள் பார்ப்பதும் முக்கியம். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது பக்கம் வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் நேரமே மாறும். நகரில் ஞாயிறும் போயா தினமும் பல கடை இல்லை. கொழும்பிலிருந்து பார்சல் வர ஒரு நாள் இரண்டு நாள் வையுங்கள். அனுமதிப்பத்திரம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கினால் தவறான சாமான் வந்தாலும் மாற்ற நேரம் இருக்கும். முடிந்தால் கார்த்திகை, மார்கழி மழைக்கு முன் செய்துவிடுங்கள். சேற்று வளவில் காருக்கு அடியில் படுப்பது கஷ்டம் மட்டுமல்ல, ஆபத்தும்.

5. காரைத் தூக்குவது

கரையோர வீடுகளில் முற்றம் மணல். மணலில் ஜக் புதையும், ஸ்டாண்டின் கால் ஒரு பக்கமாக இறங்கும். சீமெந்து போட்ட இடம் இல்லையென்றால், ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஜக்குக்கும் கீழே இரண்டு அங்குலமாவது தடித்த, அகலமான பலகை போடுங்கள். சீமெந்துக் கல்லை முட்டாக வைக்காதீர்கள், பாரம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே தலையை விடவே கூடாது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரை இடுப்பால் பலமாகத் தள்ளிப் பாருங்கள், அசையாமல் நின்றால் போங்கள். வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முன் சென்சர் பொனட்டைத் திறந்தால் மேலிருந்தே எட்டும் கார் என்றால் இந்தப் பகுதியே தேவையில்லை.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கார் ரெடி நிலையில் இருந்தால் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். சூடாக்கி முடித்ததும் பவரை நிறுத்தி, ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

6. கழற்றுவது

முதல் நாள் மாலை, குளிர்ந்த எஞ்சினில், சென்சர் குழாயைச் சந்திக்கும் வளையத்தைச் சுற்றி ஸ்பிரே அடியுங்கள். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை. காலையிலும் ஒரு தடவை. இந்த ஒரு இரவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்தான் மரையோடு சேர்த்துப் பிடுங்குகிறார்.

காலையில், கடைசியாக அடித்த ஸ்பிரே வழிந்து காய்ந்த பிறகு, எஞ்சினை ஐந்து நிமிடம் போல ஓடவிட்டு நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் ஸ்பிரே கொஞ்சம் புகையும், அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். குழாய் சூட்டில் விரியும்போது மரையின் பிடி தளரும். செக்கச் சிவந்த சூடு வேண்டாம். தோல் கையுறையோடு பக்கத்தில் வேலை செய்யக்கூடிய சூடு போதும். பிறகு பட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.

அடுத்து பிளக். கொழுக்கி வெப்பத்தில் பிஸ்கட் போல ஆகியிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், கொழுக்கியை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி, பிளக்கின் உடம்பைப் பிடித்து இழுங்கள். பின் சென்சரின் பிளக்கைக் கீழே தேடித் தேடிக் காணாவிட்டால், வயர் ரப்பர் அடைப்பு வழியாகக் காருக்குள் போகிறதா என்று பாருங்கள். டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றில் அது முன் சீட்டுப் பக்கம் விரிப்புக்கு அடியில் இருக்கும்.

இப்போது சாவி. சொக்கட்டையோ ஸ்பனரையோ அறுகோணத்தின் அடி வரை முழுதாக இறக்குங்கள். பாதியில் நின்றால் வழியும். கைபிடியைச் செங்குத்தாகப் பிடித்து, இடப்பக்கமாக, விட்டு விட்டு இல்லாமல் ஒரே சீராகப் பலத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். டக் என்று ஒரு சத்தம் வரும். அதோடு அரைச் சுற்று சுலபமாக வரும். அந்தச் சுகத்தில் தொடர்ந்து திருப்பிவிடாதீர்கள். இறுக்கம் திரும்ப வந்தால், கால் சுற்று முன்னுக்கு இறுக்கி, ஸ்பிரே அடித்து, அரைச் சுற்றுப் பின்னுக்கு. இப்படி முன்னும் பின்னுமாகவே வெளியே கொண்டுவாருங்கள். துருத்தூள் மரைக்குள் அரைபட்டால் குழாயின் மரை கிழியும்.

எவ்வளவு பலம் போட்டும் டக் சத்தமே வரவில்லை, சொக்கட் விரிவது போலத் தெரிகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். புதிய சென்சர் கையில் இருக்கிறதா, இலக்கமும் பிளக்கும் சரியா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பழையதன் வயரை வெட்டி, ரிங் ஸ்பனரைப் போடுங்கள். புதியது கைக்கு வராமல் பழைய வயரில் கை வைக்க வேண்டாம். வெட்டிய பிறகு பக்கத்துக் கராஜைத் தவிர வேறெங்கும் காரை ஓட்டிப் போக நன்றாக இருக்காது.

அதற்கும் வரவில்லையா? பட்டரியைப் பொருத்தி, காரை இறக்கி, பக்கத்துக் கராஜுக்கு ஓட்டிப் போங்கள். அவர்கள் காஸ் சூடு வைத்து நொடியில் எடுப்பார்கள். பெற்றோல் குழாய்க்குப் பக்கத்தில் வீட்டில் அதைச் செய்யப் போகாதீர்கள். கழற்றுவதற்கு மட்டும் என்று முன்கூட்டியே கூலி பேசிக்கொள்ளுங்கள்.

7. மரையைப் பார்ப்பது

டோர்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். மரை பளிச்சென்று தொடர்ச்சியாகத் தெரிந்தால் துணியால் துடைத்தால் போதும். துரு ஒட்டியிருந்தால் மரை துடைப்பானில் கொஞ்சம் கிரீஸ் பூசி, கையாலேயே நேராக ஏற்றுங்கள். தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். மரை கிழிந்திருந்தால் புதிய சென்சரை அதற்குள் திணிக்க வேண்டாம். வெல்டிங் தெரிந்த சைலன்சர் கடையில் புதிய எம்18 மரை வளையம் வைத்து ஒட்டலாம், அது பெரிய காரியமில்லை.

8. புதியதை மாட்டுவது

முனையில் உள்ள மூடியைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள். முனையைக் கையால் தொடாதீர்கள், எண்ணெய் படக்கூடாது. கீழே விழுந்த சென்சரை நம்ப முடியாது, பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

நல்ல கம்பனிச் சென்சரின் மரையில் சாம்பல் நிறத்திலோ செப்பு நிறத்திலோ பசை ஏற்கனவே பூசியிருக்கும். அப்படியிருந்தால் மேலதிகமாக ஒன்றும் வேண்டாம். இல்லையென்றால் சென்சருக்கு உகந்தது என்று போட்டிருக்கும் ஆன்டி சீஸ் பசையை (மரை இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) மரையில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். சிலிக்கன் பேஸ்ட், கேஸ்கட் கம் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சிலிக்கன் ஆவி பட்டால் புதிய சென்சரே கெட்டுப்போகும்.

திருப்பும்போது வயரும் சேர்ந்து முறுகும். அதனால் மாட்டுவதற்கு முன்பே வயரை இடப்பக்கமாக ஐந்தாறு சுற்று முறுக்கிவிட்டுத் தொடங்குங்கள், சென்சர் உள்ளே போகப் போக முறுக்கு அவிழ்ந்து நேராகும். முதல் சுற்றுகள் விரலால் மட்டும். விரலுக்கு மறுத்தால் மரை கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்துத் திரும்பத் தொடங்குங்கள்.

இறுக்கம் சுமார் 40 முதல் 45 நியூட்டன் மீட்டர். டோர்க் ரென்ச் இல்லாவிட்டால், 25 சென்ரிமீட்டர் நீள ரச்சட்டின் நுனியில் ஏறக்குறைய 18 கிலோ இழுவை என்று கணக்கு வையுங்கள். ஒரு கையால் நன்றாக இழுக்கும் அளவு அது. பிரேக்கர் பாரும் பைப்பும் இந்தப் பக்கத்துக்கு வரக்கூடாது.

வயரைப் பழைய வழியிலேயே, பழைய கிளிப்புகளில் கொண்டுபோங்கள். குழாயில் பட்டால் உருகும். பிளக் கிளிக் என்று பூட்டியதைக் காதால் கேளுங்கள். பின்களுக்குக் கிரீஸ் போட வேண்டாம்.

9. ஓட்டிப் பார்த்து, புகைப் பரிசோதனைக்குப் போவது

பட்டரியைப் பொருத்தி, அடாப்டரால் பழைய குறியீட்டை அழியுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சென்சர் அடியில் புஸ் என்று காற்றுச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சூடானதும் வோல்டைப் பாருங்கள். பட்டரி கழற்றியதால் எஞ்சின் கணினி கலவைக் கணக்கைப் புதிதாகப் பழகும். முதலில் ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கினால் பதறாதீர்கள். சில நாள் உங்கள் வழமையான ஓட்டம் ஓடுங்கள், ஒரு தடவையாவது களுவாஞ்சிகுடி வரை போல நீளமாக, ஒரே வேகத்தில்.

லைட் திரும்ப வரவில்லை என்றால் புகைப் பரிசோதனைக்குப் போகலாம். பெற்றோல் காருக்கு சைலன்சர் குழாயில் கருவியை விட்டுக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளப்பார்கள். கொன்வேர்ட்டர் சூடாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே பதினைந்து இருபது நிமிடம் ஓடிய காரோடு நிலையத்துக்குள் போங்கள். வரிசையில் நீண்ட நேரம் நிறுத்தி வைத்திருக்க நேர்ந்தால், உங்கள் முறை வர முன் மீண்டும் ஸ்டார்ட் செய்து சூடாக்குங்கள். காலையில் நிலையம் திறந்த கையோடு போனால் வரிசை குறைவு. எயார் ஃபில்டர் கறுத்திருந்தால் போகுமுன் மாற்றிவிடுங்கள், அதன் விலை சொற்பம்.

தேறினால் சான்றிதழ் தருவார்கள். அதோடு செல்லுபடியாகும் காப்புறுதிச் சான்றிதழ், பழைய வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் கொண்டு பிரதேச செயலகத்திலோ இணையத்திலோ புதுப்பிக்கலாம். தேறாவிட்டாலும் அளவீட்டுத் தாளை வாங்காமல் வராதீர்கள். காபனோரொட்சைட் கூட என்றால் கலவையில் பெற்றோல் கூடிக் கிடக்கிறது, சென்சர், இன்ஜெக்டர், ஃபில்டர் பக்கம் தேடுங்கள். ஐதரோகாபன் மட்டும் கூட என்றால் பெற்றோல் எரியாமல் போகிறது, ஸ்பார்க் பிளக்கையும் கொயிலையும் முதலில் பாருங்கள். அந்தத் தாளையும் சென்சர் பில்லையும் பழைய சென்சரையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒரே பையில் போட்டு வையுங்கள்.